காது கொடுத்துப் போகும் மலை

“மணி அடிக்கச் சொல்லிட்டுத்தானே விமானம் ஏறியிருக்கீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்—”

“அடிக்கச் சொல்லல மதினி. அடிக்கலாமான்னு பங்குச் சாமியார்ட்ட ஒரு வார்த்தை கேட்டேன், அதுக்குள்ள ஊரே—”

“அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்? மூத்தவ நான் உசுரோட இருக்கேன்ல—”

“உங்ககிட்ட கேட்டா இப்படித்தான் பேசுவீங்கன்னு—”

“இப்படித்தான் பேசுவேன். நாளைக்குக் கேட்டாலும் இப்படித்தான்.”

பிரகாசி ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே கிரீன்லாந்தின் கிழக்குக் கரை. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சாயம் பூசிய மரவீடுகள், அவற்றுக்குப் பின்னால் துறைமுகம், அதில் வெள்ளைத் துண்டுகளாக மிதக்கிற பனி. தூத்துக்குடியில் இருந்து மூன்று விமானம் மாறி வந்தவளுக்கு அதையெல்லாம் பார்க்க மனசில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தங்கை புருஷன் லியோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அவர்கள் தெருக் கோயிலில் துக்க மணி உடனே அடிக்கமாட்டார்கள். உடல் கரை சேர வேண்டும், இல்லையென்றால் வீட்டில் மூத்தவர் வந்து, “போதும், அடிங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை போனவர் போனவரில்லை. அடித்துவிட்டாலோ பிறகு ஆளே நேரில் வந்து நின்றாலும் ஊர் ஒரு கணம் யோசிக்கும். பிரகாசியின் தங்கை அமலோற்பவம், வீட்டில் அமலி, கடலுக்குப் போனவள் இல்லை. பனிக்குப் போனவள். ஆனாலும் தெருவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“ஒன்பது வருஷம் ஆச்சு மதினி,” என்றான் லியோன், குரலை இறக்கி.

“அவளுக்கு ஆகலையே. உங்க படிப்பு அதத்தானே சொல்லுது? அந்த உடைக்குள்ள படுத்தவளுக்கு ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கும்னு எனக்குப் படம் போட்டு விளக்கினது நீங்கதான்.”

லியோன் காபியை உறிஞ்சினான். விளக்கினது அவன்தான். துருவப் பனியில் வேலை செய்கிறவர்களுக்கு அப்போது புதிதாக வந்திருந்தது அந்த உறக்க உடை. வழி தப்பி, உதவி வராது, குளிர் கொல்லப் போகிறது என்று தெரிந்தால் மார்பில் இருக்கும் பொத்தானைத் தானே அமுக்க வேண்டும். அமுக்கியது மட்டும் முகாமுக்குத் தெரியும், இடம் தெரியாது. மருந்து ரத்தத்தில் இறங்கும். இதயம் நிமிஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை துடிக்கும். கரடி குளிர்காலம் முழுக்கக் கிடக்கிற மாதிரி ஆள் கிடக்கலாம், வருஷக்கணக்காக. அப்படிக் கிடந்து எழுந்தவர்கள் உலகத்தில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். ஒருவர் பதினோரு வருஷம் கழித்து எழுந்து தன் மகனைத் தன் தம்பி என்று நினைத்தாராம்.

அதனால் சட்டமும் மாறியிருந்தது. உறங்குவோர் உயிரோடு இருப்போர். அவர்கள் சொத்தை யாரும் பிரிக்க முடியாது, அவர்கள் பேருக்கு மரணச் சான்று கொடுக்க முடியாது. புருஷனும் ரத்த உறவில் மூத்தவரும் சேர்ந்து வந்து, இனி தேட வேண்டாம் என்று சொன்னால் ஒழிய.

“தேடாமலா இருந்தேன்?” என்றான் லியோன். “முதல் மூணு கோடைக்கும் நான்தான் அந்த மலையெல்லாம் ஏறினேன். உடையில இருந்து வர்ற ஒலி பனிக்கு மேல கூப்பிடு தூரம்தான் கேக்கும். ஒவ்வொரு அடியா நடந்து பார்க்கணும். நூறு மைல் மலை மதினி. நான் ஒரு ஆளு.”

“அதுக்குத்தான் இன்னும் நாலு ஆளு வரட்டும்னு சொல்லுதேன். நீங்க வர்றவனையும் வராதபடி பூட்டப் பாக்கீங்க.”

“பூட்டல. அந்த மலைக்கு அவ பேரை வைக்கச் சொல்லுதேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்கும் தெரியும்.”

மலைகளுக்குப் பெயரிடும் குழு கூடுகிற இடம் பழைய மீன் பதனிடும் கூடம். உப்பு வாசனை சுவரைவிட்டுப் போகவில்லை, அது ஒன்றுதான் பிரகாசிக்கு அங்கே பழக்கமானதாக இருந்தது. சுவர் நிறைய ஒரு வரைபடம். வடதுருவத்தைச் சுற்றி இருக்கிற மலைகள் எல்லாம் அதில் பழுப்பு மடிப்புகளாக ஓடின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். உள்ளே கூப்பிடும்வரை இருவரும் அதன் முன்னால் நின்றார்கள். சண்டை போட்டாலும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டியிருந்தது, வேறு யாரையும் அவர்களுக்கு அங்கே தெரியாது.

“இது யாரு?” என்றாள் பிரகாசி, ஒரு பெயரில் விரலை வைத்து.

“ராஜா. கப்பல் அனுப்பினவரு.”

“வந்து பார்த்தாரா?”

“இல்ல.”

“இது?”

“அந்தக் கப்பலுக்கு நிலக்கரி கொடுத்த வியாபாரி.”

“அவனாவது வந்தானா?”

“அவன் எங்க வர? கணக்கு எழுதிக்கிட்டு ஊர்ல இருந்திருப்பான்.”

“இது பொம்பளப் பேரு மாதிரி இருக்கு.”

“கேப்டனோட மக. அவளுக்கு அப்ப மூணு வயசு.” லியோன் தன்னை அறியாமல் சிரித்துவிட்டான். “பக்கத்துல இருக்குதே சின்னக் குன்று, அது கப்பல்ல இருந்த நாயி.”

“நாயாவது கால் வச்சிருக்கும்,” என்றாள் பிரகாசி. “நமக்கு மட்டும் என்ன. மோத்தான்னு நம்ம வீட்டுப் பேரு எங்க இருந்து வந்துச்சு? எவனோ பறங்கிக் கப்பல்காரன் கரையில இறங்கி விட்டுட்டுப் போனது. நானூறு வருஷமா தூக்கிச் சுமக்கோம்.”

வரைபடத்தின் வலது ஓரத்தில் ஒரு நீண்ட மடிப்புக்கு மட்டும் பெயர் இல்லை, எண் மட்டும். பனிப்பாளத்துக்கு அடியில் யுகக்கணக்காகக் கிடந்து, உருக உருக இந்த இருபது வருஷத்தில் முதுகு காட்டிய மலைத்தொடர். அதன் மேல் முதலில் நடந்து ஆராய்ச்சிக்குக் கல் எடுத்தவள் அமலோற்பவம். அதிலேயே எங்கோ படுத்திருப்பவளும் அவள்தான்.

குழுவில் ஏழு பேர். தலைவர் வெள்ளைத்தாடிக்காரர், கையை மேசையிலிருந்து எடுக்காமல் பேசுகிறவர். காதில் மாட்டக் கொடுத்த கருவி அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொன்னது. பழைய காலத்துச் செய்தி வாசிப்பவர் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத, சுத்தமான தமிழ். பிரகாசி பேசினால் அது என்னவாகப் போய் அவர் காதில் விழுமோ என்று அவளுக்கே யோசனையாக இருந்தது.

“உயிரோடு இருப்பவர்களின் பெயரை நாங்கள் மலைகளுக்கு வைப்பதில்லை,” என்றார் தலைவர். “அம்மையாரின் பெயரை வைக்க வேண்டுமானால் அவர் இறந்துவிட்டதாகக் குடும்பம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் மலைத்தொடர் முழுவதும் நினைவுக் காப்பிடமாகும். அதற்குப் பிறகு அங்கே சுரங்கம் கிடையாது. யாரும் கால் வைக்கவும் கூடாது.”

“தேடுறதுக்குக்கூடவா?” என்றாள் பிரகாசி, தெரிந்தே.

“தேடுவதற்கு அப்போது யாரும் இல்லையே, அம்மா.”

“பேரே வைக்கலைன்னா?”

“எண்ணோடு இருக்கும். எண் மட்டும் உள்ள நிலத்தை அடுத்த வசந்தத்தில் சுரங்க ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். அது எங்கள் கையில் இல்லை.”

லியோன் எழுந்து பேசினான். நன்றாகவே பேசினான், அதைப் பிரகாசி மறுக்க மாட்டாள். அந்த மலையில் வெடி வைக்கக் கூடாது என்று அமலி எத்தனை கூட்டத்தில் கத்தினாள் என்று சொன்னான். அதன் அடியில் உருகும் தண்ணீர்தான் இந்தக் கரையின் மீனுக்குச் சோறு என்று அவள் கண்டுபிடித்ததைச் சொன்னான். “அவள் எழுந்து வந்து இந்த மேசையில் உட்கார்ந்தால், ‘என் பேரை எடுத்துக்கொள்ளுங்கள், மலையை விட்டுவிடுங்கள்’ என்றுதான் சொல்வாள்,” என்றான்.

குழுவில் இரண்டு பேர் தலையசைத்தார்கள். தலைவர் பிரகாசியைப் பார்த்தார்.

அவள் உட்கார்ந்தபடியே பேசினாள். முழங்கால் வலி, எழுந்தால் அதற்கே அரை நிமிஷம் போகும்.

“நான் முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ. செத்தவங்களைப் பார்த்திருக்கேன், சாகப் போறவங்களைப் பார்த்திருக்கேன். இந்த உடுப்பு தானா வேலை செய்யாதாம். குளிர்ந்தாலும் செய்யாது, விழுந்தாலும் செய்யாது. படுக்கிறவ தன் கையால அமுக்கணும். அப்படித்தானே மாப்பிள்ளை?”

“ஆமா.”

“அமுக்காமலும் இருந்திருக்கலாம். பனியில போறது சுகமான சாவுன்னு சொல்லுவாக, தூக்கம் மாதிரி வருமாம். அவ அதை எடுத்துக்கிடல. அமுக்கியிருக்கா. விரல் மரத்துப்போயிருக்கும், கையுறையைக் கழத்தியிருப்பா, தேடிப் பிடிச்சு அமுக்கியிருப்பா. அந்த நேரத்துல அவ மனசுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்திருக்கும். யாராவது வருவாக. அது யாரு? நானும் இவரும்தான், வேற யாரை நெனைக்கப்போறா. நாங்க ரெண்டு பேரும் இங்க வந்து உக்காந்து, சரி, மலைக்கு அவ பேரை வச்சுக் கதவைச் சாத்துங்கன்னு சொல்லணும். என்னால முடியாது. மலை போனாப் போகட்டும்னு நான் சொல்லல. அதுக்கு வழி எனக்குத் தெரியல. ஆனா இதுக்கு நான் தலையாட்ட மாட்டேன்.”

கருவிகள் எல்லாருடைய காதிலும் முணுமுணுத்து ஓய்ந்தன. மேசையின் கோடியில் இருந்த பெண் அதுவரை பேசாதவள். இவாலு என்று பெயர்ப்பலகை சொன்னது. நாற்பது வயது இருக்கும், அந்த ஊர்க்காரி, படகோட்டிகள் சங்கம் அனுப்பிய ஆள். கருவியைக் காதிலிருந்து கழற்றி, உதறி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“ஒரு சந்தேகம்,” என்றாள். “இத்தனை பேர் இத்தனை நேரமாக ஒரு மலைக்கு ஒரு ஆளின் பெயரை வைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது உங்கள் பழக்கம். ஆள் பெயரை நாங்கள் பிள்ளைக்கு வைப்போம். மலைக்கு எதற்கு ஆள் பெயர்?”

“இவாலு, நாம் விதிகளின்படி—” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“விதிகளில் உள்ளூர் முறைப்படியும் வைக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை, அதனால் மறந்துவிட்டீர்கள்.” அவள் பிரகாசியின் பக்கம் திரும்பினாள். “இந்த ஊருக்கு மேற்கே ஒரு மலை இருக்கிறது. வரைபடத்தில் ஒரு பிரபுவின் பெயர். எங்கள் வாயில் அதன் பெயர், ‘காற்று திடீரென்று திரும்பும், பாய்மரத்தை இறக்கு’. அதற்கு அடுத்தது, ‘இங்கே தண்ணீர் எடுத்துக்கொள், இனிமேல் கிடைக்காது’. எங்கள் முன்னோருக்குப் பெருமை வேண்டியிருக்கவில்லை, உயிர் வேண்டியிருந்தது. போகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லிவிடும்.”

“நல்லாருக்கே,” என்றாள் பிரகாசி. “வரைபடமே பேசும்.”

“உங்கள் தங்கை இருக்கும் இடத்தில் போகிறவன் என்ன செய்ய வேண்டும்?”

பிரகாசிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“காது கொடுத்துக் கேட்டுட்டுப் போகணும்.”

“அப்படியானால் அதுதான் பெயர்,” என்றாள் இவாலு. “‘ஒருத்தி உறங்குகிறாள், காது கொடுத்துப் போ.’ எங்கள் மொழியில் அது ஒரே சொல். கொஞ்சம் நீளம்.”

கூடத்தில் பேச்சு கிளம்பியது. ஒருவர் அது பெயரா, வாக்கியமா என்றார். இன்னொருவர் வரைபடத்தில் இடம் போதாது என்றார். இவாலு எல்லாவற்றுக்கும் அவசரப்படாமல் பதில் சொன்னாள். உறக்க உடையின் ஒலியைக் கேட்கும் கருவி தீப்பெட்டி அளவுதான், எங்கள் சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டுவிடுவோம் என்றாள். மீன்பிடிக்கிறவன், வேட்டைக்குப் போகிறவன், கல் பொறுக்குகிறவன் எல்லாரும் நடந்தால் நூறு மைல் பெரிதில்லை என்றாள். சுரங்கம் என்று ஒருவர் இழுத்தபோது திரும்பி, “உறங்குகிறவர் இருப்பதாக வரைபடத்தில் பதிவான நிலத்தில் வெடி வைக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம்தானே. ஆள் இருக்கிறாள் என்று பெயரிலேயே எழுதியிருக்கும் மலையை எவன் ஏலத்தில் எடுப்பான்?” என்றாள்.

தலைவர் தாடியைத் தடவினார். “ஒரு நிபந்தனை. இப்படி ஒரு பெயர் வைத்தால் அவர் உயிரோடு இருப்பதாக நாம் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகும். அவரைக் கண்டுபிடித்துப் பெயர் பொய்யாகும்வரை, மரணச் சான்றுக்கு இனி யாரும் கேட்க முடியாது. அதனால் இதற்கும் இருவர் சம்மதமும் வேண்டும்.”

“எனக்குச் சம்மதம்,” என்றாள் பிரகாசி.

எல்லாரும் லியோனைப் பார்த்தார்கள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்,” என்றான்.

படகுத்துறையில் அவன் ஒரு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்திருந்தான். பிரகாசி மெள்ள நடந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். உட்கார அங்கே வேறு எதுவும் இல்லை. அவன் எழுந்து இடம் கொடுத்தான். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

“நோயெலின்தானே?” என்றாள்.

அவன் திடுக்கிட்டது தெரிந்தது. “யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? போன திருவிழாவுக்கு அவ சட்டையும் உங்க சட்டையும் ஒரே நீலம். தெருவே பார்த்துச்சு. சாமியார்ட்ட நீங்க மணியப் பத்திக் கேட்டதும் அதுக்குத்தானே.”

“அதுக்குத்தான்.” லியோன் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். “கோயில்ல கல்யாணம்னா செத்த சான்று வேணும்னாரு. சர்ச்சுல இல்லாம வேற எங்கயும் வேண்டாம்னுட்டா நோயெலின். புருஷன் செத்து அவளும் தனியாத்தான் கிடக்கா. அஞ்சு வருஷமா எனக்காக இருக்கா மதினி.”

“நல்ல பிள்ளதான்.”

“திட்டுவீங்கன்னு நெனச்சேன்.”

“எதுக்குத் திட்ட? நீங்க தப்பு பண்ணல. மலைக்குப் பேரு வைக்கணும்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் திட்டினேன். உங்க விசயத்தை உங்க விசயமாச் சொல்லியிருக்கலாம். அமலி மேல ஏத்திட்டீங்க.”

“மலை விசயமும் பொய்யில்ல.”

“பொய்யில்ல. ரெண்டும் உண்மை. ஒண்ணை முன்னால நிறுத்திட்டு ஒண்ணு பின்னால நின்னுச்சு.”

தூரத்தில் ஒரு பனித்துண்டு சரிந்து தண்ணீரில் புரண்டது. சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது.

“அந்தப் பொம்பள சொன்ன பேரு,” என்றான் லியோன். “அதுல எல்லாருக்கும் எல்லாம் கிடைக்குது. மலை தப்பிக்குது. அமலிய ஊரே தேடும். உங்களுக்கு உங்க தங்கச்சி. எனக்கு மட்டும்தான் ஒண்ணுமில்ல. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன். அதான் உங்க பின்னால வந்தேன்.”

“சமாதானம் சொல்லவா?”

“இல்ல. என்கிட்ட சமாதானம் இல்ல. உங்க இடத்துல இருந்தா நான் என்ன செய்வேன்னும் எனக்குத் தெரியாது. அதனால கெஞ்சவும் மாட்டேன், மிரட்டவும் மாட்டேன். மாட்டேன்னு நீங்க சொன்னா நான் அடுத்த வருஷமும் வருவேன். அதுக்கு அடுத்த வருஷமும். ஏலம் எடுக்கிறவன் வண்டி முன்னால போய் உக்காருவேன். எனக்கு வேற வேலை இல்ல.”

“முழங்காலை வச்சுக்கிட்டா?”

“உக்காரதுக்கு முழங்காலு எதுக்கு?”

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கப் போகிறவன் மாதிரி முகம் ஒரு பக்கம் இழுத்து நின்றது. அவர்களைத் தேடி யாரும் வரவில்லை, அந்த ஊரில் அவசரப்படுத்தும் பழக்கம் இல்லை போலும்.

“அமுக்கினப்ப யாராவது வருவாகன்னு நெனச்சிருப்பான்னு சொன்னீங்களே,” என்றான் லியோன் கடைசியில். “அது நான்தான் மதினி. உங்களை இல்ல. என்னையத்தான் நெனச்சிருப்பா. கிளம்புறப்ப, எதுன்னாலும் நீ வந்துருவ, எனக்கென்ன பயம்னுட்டுப் போனா.”

அவன் கையை நீட்டினான். பிரகாசி பிடித்து எழுந்துகொண்டாள்.

உள்ளே போய் அவன் சம்மதம் என்று சொன்னான். உள்ளூர் முறைப்படி பெயர் வைப்பவர்கள் அதை ஒரு தடவை உரக்கச் சொல்ல வேண்டும் என்றாள் இவாலு. பிரகாசி பாதியிலேயே மூச்சு வாங்கினாள். லியோன் மூன்று தடவை தப்பாகச் சொன்னான். நாலாவது தடவை இவாலு தலையாட்டினாள். எதற்கும் மேசையிலிருந்து கையை எடுக்காத தலைவர் கையெடுத்து, எண்ணை அடித்துவிட்டுப் பெயரை எழுதச் சொன்னார். இடம் போதவில்லைதான். கடல் பகுதிக்குள் கொஞ்சம் நீட்டி எழுதினார்கள்.

நோயெலின் மறு வருஷம் கொழும்பில் ஒரு கணக்குவாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். லியோன் போகவில்லை. பிரகாசி போனாள். சீராக ஒரு ஜோடிக் காப்பு கொண்டுபோனாள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், பெண்ணின் தலையில் கை வைத்துவிட்டு வந்தாள். மண்டபத்தில் சிலர் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தாள்.

கோடைதோறும் அவள் வடக்கே வந்தாள். படகில் உட்கார்ந்து கரையோரமாக, கருவியைக் காதில் வைத்துக்கொண்டு. மலை ஏறுகிறவன் லியோன். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, தேநீர் நேரத்தில் மட்டும் சண்டை போட்டார்கள். சர்க்கரை பற்றி, வழி பற்றி, ஜெபமாலையைப் படகுத் தளத்தில் காயப்போடுவது பற்றி. அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை.

விழுந்தது வேறொருவர் காதில். நாலாவது கோடை ஆரம்பிக்கும் முன்னமே, இவாலு தூத்துக்குடிக்குப் போனில் கூப்பிட்டாள். இறால் படகொன்றின் மெக்கானிக், எந்தத் தொடர்பும் இல்லாத ஐஸ்லாந்துக்காரர், மோட்டார் பழுதாகி அந்தக் கரையில் ஒதுங்கியிருக்கிறார். வரைபடத்தில் இடத்தின் பெயரைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு நீளப் பெயரா என்று கேட்டுப் பொருள் தெரிந்துகொண்டு, வேறு வேலை இல்லாததால் கருவியை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

“துடிப்பு இருக்கிறது,” என்றாள் இவாலு. கருவியின் செய்தித்தமிழில் அது வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. “நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் இருக்கிறது.”

பனியைச் சுடுநீர்க் குழாயால் கரைத்துக் குழி எடுத்திருந்தார்கள். பிரகாசியும் லியோனும் போய்ச் சேர்ந்தபோது அமலோற்பவத்தை வெளியே எடுத்து, ஒரு கூடாரத்துக்குள் கட்டிலில் கிடத்தியாகிவிட்டது. உடையின் முகக்கண்ணாடி துடைத்திருந்தது. உள்ளே முப்பத்தொன்பது வயசு முகம். புருவத்தில் ஒரு துளி பனி உருகி, காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையில் கையுறை இல்லை.

பிரகாசி நர்ஸ் என்பதால் அழாமல் முதலில் நகங்களைப் பார்த்தாள், நிறம் பார்த்தாள். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவர் ஒரு இளம் பெண், உறங்குவோரை எழுப்பியே பழகியவள். சாயங்காலத்துக்குள் கண் திறந்துவிடும் என்றாள். விழிக்கும்போது ஒன்றும் புரியாது, சிலர் மிரண்டு உடையைக் கிழிப்பார்கள், அதனால் எதிரில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் நல்லது என்றாள். ஒரே முகம்தான், கூட்டம் வேண்டாம். யார் நிற்கப் போகிறீர்கள்?

“மாப்பிள்ளை நிக்கட்டும்,” என்றாள் பிரகாசி உடனே. “என்னையப் பார்த்தா செத்துப்போன எங்க அம்மான்னு நெனச்சு, தானும் செத்துட்டோம்னு பயந்துருவா. அவருக்குத் தாடிதான் நரைச்சிருக்கு. அதைச் செரைச்சுட்டு வரட்டும்.”

மருத்துவர் வெளியே போனாள். கூடாரத்துக்குள் மூன்று பேரும், கட்டிலுக்குப் பக்கத்தில் மெதுவாக விழுகிற ஓர் ஒலியும் இருந்தன. ஒன்று விழுந்தால் அடுத்தது விழ முன்பிருந்ததைவிடக் குறைவாகவே காத்திருக்க வேண்டியிருந்தது. பிரகாசி நாற்காலியை இழுத்துத் தங்கையின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கையுறை இல்லாத அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

லியோன் சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன், கண்ணாடியைப் பார்க்கவில்லை. அமலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மதினி, எத்தனை நாளா தேடினேன்னு இவ என்னையக் கேப்பா. நடுவுல ஒரு தடவை உன்னையச் செத்தவள்னு சொல்லத்தான் வந்தேன்னு நான் சொல்லவா, இல்ல நீங்க சொல்லுதீங்களா?”